மண் இல்லை, இரும்பு

பாகலூரில் அந்தக் காலத்தில் லாரிக்கு இருந்ததைவிட, லாரியிலிருந்து இறக்கும் பழைய ஆயிலுக்குத்தான் மரியாதை அதிகம். மாட்டுவண்டி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சக்கரம் சுழலும் இருசில் தடவ மசகு வேண்டும். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து அவரவரே செய்துகொள்வார்கள். லாரியின் பின்பக்கத்துக் கெட்டி ஆயிலுக்கு முன்னால் அந்தக் குழம்பு எம்மாத்திரம்? ஆயிலை ஒரு தரம் தடவிவிட்டால் ஓசூருக்குப் பல நடை போய்வரலாம், சக்கரம் முனகாது. என் வீட்டுக்காரர் ஆயில் மாற்றப் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், மூங்கில் குழாயும் தகர டப்பாவுமாக ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். பந்திக்கு முந்துவதுபோல முந்துவார்கள். அந்த ஆயிலின் நாற்றமோ குடலைப் புரட்டும். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அது ராணுவம் கழித்துப்போட்ட லாரி. என் வீட்டுக்காரர் யுத்தத்தின்போது பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். திரும்பி வந்து, பெங்களூரில் ஏலத்தில் விட்ட லாரி ஒன்றை எடுத்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் ஊரில் அடுத்தவர் நிலத்தில் மாடாய் உழைத்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை லாரிக்குச் சொந்தக்காரனாக வந்து இறங்கியதை ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கொஞ்சம் வயிறும் எரிந்தது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மீசையை முறுக்கிக்கொண்டு, தெருவில் நாயும் கோழியும் மட்டும் இருந்தாலும் ஆரன் அடித்துக்கொண்டுதான் வருவார். நான் மத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எட்டாவது வரை படித்தவள், வாய் நீளம். கோழிக்கு எதற்குங்க ஆரன் என்று கேட்பேன். அவருக்குச் சிரிப்பு வராது.

லாரியின் அடியில், இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில், பானை கவிழ்த்ததுபோல ஓர் இரும்புக்கூடு தொங்கும். அதுதான் டிஃபரன்ஷியல். இன்ஜினின் சக்தி நீளமான தண்டு வழியாக வந்து, அதற்குள் இருக்கும் பல்சக்கரங்களைப் பிடித்துத்தான் பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்தப் பற்கள் ஊறிக் கிடப்பதற்குத்தான் கெட்டி ஆயில். மழைக்காலத்தில் உள்ளே ஒரு பல் உடைந்து போய், பெங்களூரில் பழைய சாமான் விற்கும் இடத்தில் வேறொரு ராணுவ லாரியின் பல்சக்கரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். தை பிறந்ததும் ஆயிலை மாற்றினார்.

ஆயிலை இறக்கினால் ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பட்டாளத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்களாம், அவரே பெருமையாகச் சொல்வார். எங்கள் ஊரில் அதற்கு எங்கே நேரம்? சட்டியில் ஆயில் விழுந்துகொண்டிருக்கும்போதே குழாயை நீட்டிவிடுவார்கள். சட்டி காலியாகும்போது அவர் இன்னும் லாரிக்கு அடியில்தான் படுத்திருப்பார்.

முதல் குழாய் யாருக்கு என்பதில் ஒரு முறை இருந்தது. என் மாமனார் எந்த வீட்டு நிலத்தில் வேலை செய்தாரோ, அந்த வீட்டுக்காரருக்குத்தான் முதலில் ஊற்றுவார்கள். பானையின் அடியில் தங்கியதெல்லாம் அந்த முதல் ஊற்றிலேயே வந்துவிடும். நல்ல விவசாயி, வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ். ஆயிலுக்குப் பதிலாக அவர் வீட்டிலிருந்து அவரைக்காய் வரும், மொச்சை வரும். கொடுக்கல் வாங்கலில் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு முள் மட்டும் இருந்தது. பட்டாளம் போகும் முன் என் வீட்டுக்காரர் அவரை ஐயா என்று கூப்பிட்டவர். திரும்பி வந்தபின் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் அதை வாயால் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அண்ணாவுக்கும் அவர் முகம் கொஞ்சம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தை மாதம் ஆயில் வாங்கிப் போன சில நாளில் அந்த விவசாயி எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கந்தல் துணி. அதில் இருசிலிருந்து வழித்த மசகு. ஓசூருக்கு ராகி ஏற்றிப் போனபோது சக்கரம் அலறியதாம், கழற்றிப் பார்த்தால் இருசு முழுக்கக் கீறல். துணியை விரித்துக் காட்டிக் கேட்டார்.

“இன்னாடா இது? மண்ணக் கலந்து குடுத்திருக்கற?”

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். டா போட்டுப் பேசியதா, மண் என்று சொன்னதா, எது என் வீட்டுக்காரரை அப்படிக் கிளப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வண்டியில் மண்ணா என்று குதித்தார். ஓசியில் வாங்கிப்போகிற ஆயிலுக்கு வக்கணை வேறா என்றார். அந்த விவசாயி, நேற்றுவரை எங்கள் களத்தில் கைகட்டி நின்ற குடும்பத்துக்கு வந்த வாழ்வைப் பார் என்றார். அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேசியதை எழுதக் கூடாது. இரண்டு பேருக்கும் வாய்க்கொழுப்பு சீலையில் வடிந்தது. நடுவில் அந்தத் துணி கீழே விழுந்து கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். கறுப்புப் பிசினுக்குள் சின்னச் சின்னதாக மினுக்கியது. மணல் இப்படி மினுக்குமா என்று நினைத்தேன், அவ்வளவுதான். லாரி வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

ஒரு வாரம் ஊரில் வேறு பேச்சு இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லாரிக்காரன் வேண்டுமென்றே மண்ணைப் போட்டுக் கொடுத்தான், பழைய வஞ்சம் என்றார்கள். மனசறிய ஒருவனுடைய வண்டியைக் கெடுப்பது எங்கள் ஊரில் மாட்டுக்கு விஷம் வைப்பதற்கு அடுத்தபடி. புளி ஏற்றக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் பிறகு பார்க்கலாம் என்று நழுவினார்கள். என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. பழி ஒட்டிக்கொண்டால் இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது என்று என்னிடம் முனகினார். எனக்கும் அவர்மேல் இரக்கமாக இருந்தது, அதை மறைப்பானேன்? அவர் மண்ணைக் கலக்கிற ஆள் இல்லை.

ராகி அரைக்கும் மில் முன்னால் நியாயம் வைத்தார்கள். அரைக்கக் கொண்டுவந்த மூட்டைகளோடு எப்போதும் ஆட்கள் நிற்கிற இடம். மில்காரர் பொதுவான மனிதர் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் டூல்ஸ் பெட்டியிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். இன்ஜினுக்குள் விழுந்த திருகாணியை எடுக்க வைத்திருந்தது. விவசாயி கொண்டுவந்திருந்த அந்தக் கந்தல் துணியை வாங்கி, மண்ணெண்ணெயில் அலசி, அடியில் தங்கியதை ஒரு தட்டில் ஊற்றினார். காந்தத்தைத் தட்டுக்கு மேலே காட்டினார். கறுப்புப் பொடி எல்லாம் எழுந்து போய் ஒட்டிக்கொண்டது. நகத்தை வெட்டிப் போட்டதுபோல மெலிதான சில்லுகளும் ஒட்டின. தட்டில் ஒரு மணல் துகள்கூட மிச்சமில்லை.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. மண்ணு காந்தத்துல ஒட்டுமா? இது மண் இல்ல, இரும்பு.”

கூட்டம் கை தட்டாத குறை. மில்காரர் காந்தத்தை வாங்கி எல்லாரிடமும் சுற்றிக் காட்டினார். பழி சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்புதான், ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அவர் வயசுக்கும் நிலபுலனுக்கும் அது சாதாரணமான காரியம் இல்லை. என் வீட்டுக்காரர் பெருந்தன்மையாகப் பரவாயில்லைண்ணா என்றார். அந்த அண்ணாவை அன்றைக்குக் கொஞ்சம் இழுத்தே சொன்னார்.

மண்ணா இரும்பா என்று அத்தனை தலைகள் சேர்ந்து தீர்த்துவைத்தன. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று அங்கே ஒருவர் வாயிலும் வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, நாங்கள் வாலைப் பிடித்ததற்கே கொண்டாடினோம். வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்கு அது உறைத்தது. வந்ததும் கேட்டேன், இருசில் தடவுவதற்கு முன்பே ஆயிலில் இரும்பு இருந்தது என்றால், பானைக்குள் எதுவோ தேய்கிறது என்றுதானே அர்த்தம் என்று.

அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய காலையே மறுபடியும் கழுவினார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, காந்தத்தில் ஒட்டியதைப் பார்த்த நேரத்திலேயே அவருக்கும் புரிந்திருக்கிறது என்று.

“மாத்திப் போட்ட பல்லு, கொஞ்ச நாளைக்குத் தேயத்தான் தேயும்” என்றார். சில்லு சில்லாக வந்ததே என்றேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. “பானையத் தொறந்தா வண்டி பத்து நாள் வாசல்ல நிக்கும். அந்தாளு வாயிக்கு அவல் குடுத்த மாதிரி ஆயிடும். இன்னைக்குத்தான் ஊர் முன்னால ஜெயிச்சுக்கினு வந்திருக்கறேன். நாளைக்கே வண்டிய ஜாக்கி மேல ஏத்தச் சொல்றியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்தது நீங்கள், தேய்வது வண்டியாயிற்றே என்றேன். பங்குனியில் புளி ஓய்ந்ததும் திறந்து பார்க்கிறேன் என்றார். அதற்குள் ஊர் மறந்துவிடும் என்று கணக்கு. நான் விடவில்லை, தினமும் சொன்னேன். ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாளும் சொன்னேன். வண்டி கிளம்பிப் போகும்போது பின்பக்கத்திலிருந்து உளுந்து அரைக்கும் கல்போல ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. திரும்பி வந்து ஆரன் அடிக்கும்வரை அடுப்படியில் எனக்கு வேலை ஓடாது. கோழிக்கு ஆரன் எதற்கு என்று நான் அப்புறம் கேட்டதேயில்லை.

சமாதானத்தை ஊரே கூடிப் பலப்படுத்தியதுதான் வினை. அந்த விவசாயி ஒரு ஜோடி மாட்டைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் விற்பதாக இருந்தார். நடத்திக்கொண்டு போனால் மாடு இளைத்துவிடும், விலை இறங்கும். என் வீட்டுக்காரர் அந்த வாரம் கிருஷ்ணகிரிக்குப் புளி ஏற்றிப் போகிறார், குந்தாரப்பள்ளி வழிதானே. மாட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடட்டும், அதோடு மனஸ்தாபம் எல்லாம் தீர்ந்தது என்று மில்காரர் சொன்னார். என் வீட்டுக்காரர் வாடகையே வேண்டாம் என்றார். ஜெயித்தவனுடைய தாராளம். அந்த விவசாயி தோள் துண்டை எடுத்து மடித்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சரி என்றார். அவர் யோசித்தது கூச்சத்தால் என்று நான் நினைத்தேன்.

விடிந்ததும் கிளம்பினார்கள். முன்பக்கம் புளி மூட்டை, அதற்குப் பின்னால் மாடுகள். மாடு மிரளாமல் இருக்க அந்த விவசாயியும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். தெருவில் பாதிப்பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள், தேர் கிளம்புவதைப் பார்ப்பதுபோல. அவருடைய சம்சாரமும் வந்து நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, லாரியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் அது நடந்தது. பிறகு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னதைத்தான் எழுதுகிறேன். பாரம் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் சின்ன கியரில் போட்டால், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பாறை உடைவதுபோல ஒரு சத்தம். பானைக்குள் பற்கள் மொத்தமாக உதிர்ந்துவிட்டன. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்தது. வண்டி தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. பாரத்தோடு இறங்கும் வேகத்தில் கால் பிரேக் சூடேறி, மிதிக்க மிதிக்க உள்ளே போனது. கை பிரேக்கை இழுத்தார். அந்த ராணுவ வண்டியில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, பானைக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கும். தண்டு நின்றது, சக்கரம் நிற்கவில்லை. கீழே சந்தைக்குப் போகிற கூட்டம் தெரிந்தது. அவர் வண்டியை இடதுபக்க மண்மேட்டில் ஏற்றினார். அது சாய்ந்தது.

அவருக்குத் தோளும் கையும் முறிந்தன. பின்னால் நின்றவர்மேல் மாடுகள் இரண்டும் விழுந்தன. அங்கேயே உயிர் போய்விட்டது. வந்த போலீஸ்காரர் முதலில் என் வீட்டுக்காரரின் வாயை மோந்து பார்த்தாராம். இங்கே மதுவிலக்கு, பக்கத்து மைசூர் எல்லையைத் தாண்டினால் சாராயம் கிடைக்கும் என்பதால் விபத்து என்றாலே எல்லாருக்கும் அந்தச் சந்தேகம்தான். குடிக்கவில்லை என்று ஆனதும், பழைய வண்டி, உடைந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஊர் அதைவிட மோசமாகச் சொன்னது. குழாயடியில் என் காதுபடச் சொன்னார்கள், நல்லவன்மேல் பொய்ப்பழி போட்டான், தெய்வம் கேட்டுவிட்டது என்று. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது அது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். செத்தவர் பொய்யர், உயிரோடு இருப்பவர் யோக்கியர் என்று ஆகிவிட்டது. காரியமெல்லாம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் அந்த விவசாயியின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன்.

அந்த அம்மாள் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். கொட்டகை காலி. என்னைப் பார்த்ததும் சற்று நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, ஆயிலில் கெடுதல் இருந்தது, அது மண் இல்லை என்பது மட்டும்தான் என் வீட்டுக்காரர் நிரூபித்தது, பல் தேய்கிறது என்று அவருக்கு அன்றைக்கே தெரியும், தோற்றதுபோல ஆகிவிடும் என்றுதான் வண்டியை நிறுத்தவில்லை என்று சொன்னேன்.

அவள் கத்தவில்லை. தரையில் கிடந்த வைக்கோலை ஒதுக்கிவிட்டுப் பேசினாள்.

“எங்க வீட்டவருக்கும் தெரியும், பொண்ணே. மில்லுகிட்டருந்து வந்த ஒடனே எங்கிட்ட சொன்னாரு. இரும்பு வருதுன்னா அந்த வண்டி தன்னத்தானே தின்னுக்கினு இருக்குதுன்னாரு. ஏற வேணான்னு நான் கால்ல விழாத கொற. தோத்தவன் ஏறலன்னா, இன்னும் மனசுல வச்சுக்கினு இருக்கறான்னு ஊரு சொல்லும்னுட்டாரு.”

அவள் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, ஏதோ சின்ன விஷயம் விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

“வழியில எங்கனாச்சும் நிறுத்துனாங்களா? ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசிக்கினாங்களாமா?”

சூளகிரியில் நிறுத்தி டீ குடித்தார்களாம். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததாக ஆஸ்பத்திரியில் அவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

“இன்னா பேசுனாங்க?”

“மாட்டு விலையைப் பத்தித்தானாம். வண்டியப் பத்திப் பேச்சே வரலையாம்” என்றேன்.